காரணத்துக்கு விட்ட இடம்

என் நாட்குறிப்பில் ஒவ்வொரு வேலை நாளுக்கும் இரண்டு நேரங்கள் இருக்கும். காலையில் எங்கள் படகுத் துறையில் இருந்து பாதை புறப்பட்ட நேரம் ஒன்று. மாலையில் அதே பாதை என்னைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிய நேரம் மற்றது. இதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. எழுதி வைத்தால் அந்த நாள் ஒழுங்காக முடிந்தது போல எனக்கு இருக்கும், அவ்வளவுதான்.

பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வழி மட்டுமல்ல, வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். இரண்டு நீண்ட இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்த தட்டையான தளம். பக்கத்தில் இயந்திரப் படகொன்றைக் கட்டி அதைச் செலுத்துவார்கள். ஒரு வான், ஏழெட்டு மோட்டார் சைக்கிள், நாற்பது பேர் ஏறலாம். எனது வீடு வாவியின் கிழக்குப் பக்கம், எழுவான்கரையில். அலுவலகம் மேற்குப் பக்கம், படுவான்கரையில். அங்குள்ள பிரதேச சபையில் பதினேழு வருடமாகப் பிரதம இலிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, இருக்கிறேன். பாதையை நடத்துவதும் எங்கள் சபைதான். ஆகவே ஒவ்வொரு காலையும் அலுவலகத்தின் ஒரு துண்டு என்னைத் தேடி இக்கரைக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகிறது என்று சொல்லலாம்.

அதைச் செலுத்துபவர் பதினொரு வருடமாக அமைய ஊழியர். அதாவது நிரந்தரம் இல்லாதவர், ஓய்வூதியம் இல்லாதவர், நாளை வரவேண்டாம் என்றால் வராமல் இருக்க வேண்டியவர். இந்த வருடம்தான் அமைய ஊழியர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் ஒன்று தயாரானது. அவருடைய பெயரை அதில் நானே தட்டச்சு செய்தேன். வயதெல்லைக்கு அவருக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. இந்தப் பட்டியலில் தவறினால் அவருக்கு இன்னொரு பட்டியல் இல்லை.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவர் பாதையை நிறுத்தினார். என் குறிப்பில் இப்படி இருக்கிறது: ‘7.00 பாதை இல்லை. காற்று. 9.40 புறப்பட்டது.’ மேலே பாலத்தைச் சுற்றிப் போகும் வீதியில் அன்று முழங்காலளவு வெள்ளம். ஆகவே கரையில் எல்லாரும் நின்றோம். ஏழேகாலுக்கு ஒரு வான் வந்தது. உள்ளே மணப்பெண். படுவான்கரையில் ஒரு கோயிலில் எட்டு மணிக்குப் பின் முகூர்த்தம். பெண்ணின் தாய்மாமன் இறங்கி வந்து முதலில் தன்மையாகக் கேட்டார், பிறகு அதட்டிக் கேட்டார். பாதைக்காரர் தண்ணீரைப் பார்த்தபடியே ஏலாது என்றார்.

“முகூர்த்தம் போனா நீயா வந்து தாலி கட்டப் போறாய்?” என்று மாமன் கேட்டார்.

“முகூர்த்தம் போனா ஐயர் வேற ஒண்டு பாப்பார் அண்ண. தண்ணிக்குள்ள போனா நான் எங்க தேடுற?”

கரையில் நின்ற சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் மாமனுக்குச் சுட்டிருக்க வேண்டும். வானுக்குள் பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய கண் மை கரையாமல் இருக்க ஒருத்தி கைக்குட்டையின் நுனியைக் கண்ணோரத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். காற்று இறங்கியதும் முதல் பயணத்தில் அந்த வானைத்தான் ஏற்றினார்கள். பதினொரு மணிக்கு மேல் வந்த இன்னொரு முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அத்தோடு அது முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. காலையில் துறைக்குப் போகும்போதே காற்று சேலையை இழுத்தது. வாவி நிறம் மாறிக் கிடந்தது. இன்று பாதை இல்லை என்று முடிவு செய்து, தேநீர்க் கடை வாங்கில் உட்காரப் போனேன். ஆனால் பாதையின் முன் தட்டு இறக்கப்பட்டிருந்தது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாதைக்காரர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அவர் எடுக்கிறார் என்றால் எடுக்கலாம் என்றுதான் அர்த்தம். பதினொரு வருடமாக எங்களுக்கு அப்படித்தான். ஏறினேன்.

ஐந்து மோட்டார் சைக்கிள், பத்தொன்பது பேர். அவர்களில் ஏழு பேர் பள்ளிச் சீருடையில். நடுவாவியில் பாதை குறுக்கே திரும்பியது. ஒரு பக்கம் தாழ்ந்து, தண்ணீர் பலகை மேல் ஏறி எங்கள் கால்களுக்கிடையில் ஓடியது. ஒரு மோட்டார் சைக்கிள் சரிந்து மற்றதன் மேல் விழுந்தது. மீன் விற்கும் பெண்ணொருத்தியின் பெட்டி வழுக்கிப் போய் வாவிக்குள் விழுந்து, மூடியோடு மிதந்து விலகிப் போனது.

“என்னகா இது, எல்லாரையும் சாக்காட்டப் போறியா?” என்று அவள் கேட்டாள். கத்தவில்லை. கேட்டாள். அவர் படகில் இயந்திரத்தைப் பிடித்துப் பாதையை நேராக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்ற சிறுமியின் புத்தகப் பையைப் பிடித்துக்கொண்டேன். அவளைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றாமல் பையைப் பிடித்தது ஏன் என்று இன்றும் தெரியவில்லை. பன்னிரண்டு நிமிடப் பயணம் முப்பத்தொரு நிமிடம் எடுத்தது.

அக்கரையில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். நான் போகவில்லை. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“இனிமே நிப்பாட்ட மாட்டன் எண்டு எழுதிக் குடுத்திட்டன் மிஸ். கையெழுத்தும் வெச்சிட்டன். மறுகா என்ன செய்யிற?”

என்ன எழுதினீர்கள், யாருக்கு எழுதினீர்கள் என்று கேட்டேன். கல்யாண வீட்டார் நகரத்தில் உள்ள மேலதிகாரி அலுவலகத்துக்கு முறைப்பாடு அனுப்பியதையும், அங்கிருந்து விளக்கம் கோரி எங்கள் சபை ஊடாகக் கடிதம் வந்ததையும், தான் பதில் கொடுத்ததையும் சொன்னார். நீங்களும் பார்த்தீர்களே மிஸ் என்றார். நான் பார்க்கவில்லை என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அது அவருடைய மரியாதை.

அலுவலகத்துக்குப் போய், ஈரச் செருப்பைக் கழற்றிக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, அவருடைய பெயரில் இருந்த கடிதக் கோவையை எடுத்தேன். மேலே இருந்தது அந்தப் பதிலின் அலுவலகப் பிரதி. மூன்றே பந்தி.

‘01. இத்தவறு நிகழ்ந்தமைக்கு முதற்கண் எனது ஆழ்ந்த மனவருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

02. காற்று காரணமாக இது நிகழ்ந்தது.

03. இனிவரும் காலங்களில் இவ்வாறு நிகழாது என இத்தால் உறுதியளிக்கிறேன்.’

‘காற்று’ என்ற சொல் மட்டும் கையெழுத்து. மற்றதெல்லாம் அச்சு. முதலாவது பந்தியில் ‘மனவருத்தத்தை’ என்பதற்குப் பின் ஒற்றெழுத்து விடுபட்டிருந்தது. அந்த இடத்தில் சிவப்புப் பேனையால் ஒரு ‘த்’ செருகப்பட்டு, ஓரத்தில் சிறிய சரி போடப்பட்டிருந்தது. சிவப்புப் பேனை எங்கள் அலுவலகத்தில் ஒருவரிடம்தான் உண்டு. நாட்குறிப்பைப் புரட்டினேன். அந்தத் திகதியில், ‘கடிதங்கள் 14 பார்த்தேன்’ என்று இருந்தது. பதினான்கில் இது ஒன்று. ஒற்றைச் சேர்த்திருக்கிறேன், வாசிக்கவில்லை.

அது மட்டுமல்ல. அந்த மூன்று பந்திகளும் என்னுடையவை.

இந்தச் சபைக்கு வந்த புதிதில், ஊழியர்கள் எழுதும் கடிதங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். வசனம் முடியாது. எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். லீவு கேட்ட கடிதத்தில் லீவு எத்தனை நாள் என்பது இருக்காது. ஆகவே ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஆறு மாதிரிக் கடிதங்கள் எழுதி, தட்டச்சு செய்து, ஒரு நீலக் கோவையில் வைத்தேன். லீவு, தாமத வருகை, இடமாற்றம், கடன் விண்ணப்பம், சீருடை, விளக்கம் கோரலுக்குப் பதில். மாறும் இடங்களில் புள்ளிக்கோடு. பிழை வர வழியே இல்லை. எனக்கு அதில் பெரிய திருப்தி இருந்தது.

விளக்கத்துக்கு ஏன் மன்னிப்போடு தொடங்கினேன் என்றால், எனக்கு வேலை பழக்கிய அதிகாரி அப்படித்தான் எழுதச் சொன்னார். மேலே போகும் கடிதம் குனிந்து போக வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றுவது போல. செருப்பைக் கழற்றுகிறவன் குற்றவாளி என்று யாரும் நினைப்பதில்லை. எங்கள் அலுவலகங்களில் விளக்கம் கோருவதும் பதில் கொடுப்பதும் ஒரு சடங்கு மாதிரி. பத்து நிமிடம் பிந்தி வந்தவரிடம் விளக்கம் கேட்பார்கள். அவர் வருந்துவார். உறுதியளிப்பார். கோவை மூடப்படும். அடுத்த வாரமும் பிந்தி வருவார். யாரும் அந்த உறுதிமொழியை உறுதிமொழியாக எடுத்துக்கொண்டதில்லை, எழுதியவரும் வாசித்தவரும்.

பதினேழு வருடத்தில் அதை உண்மையாக எடுத்துக்கொண்ட முதல் ஆள் பாதைக்காரர். இரண்டாவது ஆள் நகரத்தில் இருந்த அதிகாரி. அவருடைய பதில் அன்று காலையே எங்கள் சபைச் செயலாளரின் கடிதத் தட்டில் கிடந்தது. ஊழியர் தமது தவறை எழுத்தில் ஏற்றுக்கொண்டுள்ளதால் நிரந்தரமாக்கும் பட்டியலில் இருந்து அவருடைய பெயரை நீக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது, மேலதிகமாகக் கூறுவதற்கு ஏதும் இருப்பின் பதினான்கு நாட்களுக்குள் அறிவிக்கப்படல் வேண்டும் என்று அதில் இருந்தது. கடிதத்தின் திகதியில் இருந்து ஆறு நாள் ஏற்கெனவே போயிருந்தது.

செயலாளர் ஏறாவூரில் இருந்து வருபவர், நிதானமானவர். நான் கோவையை அவர் முன் விரித்து, மாதிரிக் கடிதத்தில் இருந்து காலைப் பயணம் வரை ஒழுங்காகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முதலில் கேட்டது வேறு கேள்வி.

“புள்ளைகளும் இருந்தாங்களா?”

ஏழு பேர் என்றேன்.

பட்டியல் பிறகு, முதலில் பாதையை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். வெளியே மாமரம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பாதைக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். நான் சொல்வது அவருக்கு விளங்கியது, ஏற்கத்தான் முடியவில்லை.

“நீங்க சொல்றீங்க மிஸ், உங்கட வாயில நம்பிக்கைதான். ஆனா நாளைக்கு விசாரிக்க ஆள் வந்தா நீங்களா கதைக்கிற? தாள்தான் கதைக்கும்.”

அவர் சொன்னது சரி. தாளால் கட்டிய கையைத் தாளால்தான் அவிழ்க்க வேண்டும். நான் தட்டச்சு செய்யக் கணினிக்கு முன் உட்கார்ந்தேன். என் விரல்கள் தாமாகவே ‘மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களுக்கு அறியத்தருவது யாதெனில்’ என்று தொடங்கின. அதை அழித்தேன். ‘பலத்த காற்று வீசும் சந்தர்ப்பங்களில் சேவை இடைநிறுத்தப்படல் வேண்டும்’ என்று எழுதினேன். யார் நிறுத்துவது? யார் பார்த்து, பலத்த காற்று என்று சொல்வது? மாமரம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நான் அலுவலகத்தில் இருந்து சொல்வதா? அதையும் அழித்தேன். கடைசியில் வந்தது இரண்டு வசனம்.

‘காற்று பலமாக இருந்தால் பாதையை நிறுத்துங்கள். நிறுத்துவதா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.’

முன்பிருந்த அலுவலகங்களையும் சேர்த்து இருபத்தேழு வருடச் சேவையில் நான் தட்டச்சு செய்த ஆகச் சிறிய கடிதம் அதுதான். செயலாளர் வாசித்துவிட்டு, மற்றத் தாள் எங்கே என்று கேட்டார். இல்லை சேர், இவ்வளவுதான் என்றேன். இன்னொரு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டார். முத்திரையை நானே குத்தினேன்.

துறைக்கு நடந்து போய்க் கையில் கொடுத்தேன். அவர் நின்றபடி இரண்டு முறை வாசித்தார். பிறகு மடித்து, பொலித்தீன் பையொன்றில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். பாதையின் முன் தட்டைச் சங்கிலியால் இழுத்து மேலே தூக்கினார். அது கரையில் மோதும் சத்தம் நின்றது. அவருடைய தோள் இரண்டும் ஒரு சாண் கீழே இறங்கியதைப் பார்த்தேன்.

அன்று மாலை நான் பாலத்தைச் சுற்றி, இரண்டு பஸ் மாறி வீடு போனேன். பன்னிரண்டு நிமிடத் தூரத்துக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம். யன்னலோரம் நின்றபடி வந்தேன். வழக்கமாக நேரம் பிந்தினால் எனக்கு நெஞ்சு அரிக்கும். அன்று அரிக்கவில்லை. வாவி பஸ்ஸுக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்தது. அதன் மேல் யாரும் இல்லை என்பதே போதுமாக இருந்தது.

மறுநாள் காற்று இல்லை. மதியம் நான் எழுதும் கொப்பியோடு பாதைக்குப் போனேன். ஆள் குறைந்த நேரம். படகின் விளிம்பில் அவரும் பாதையின் பலகையில் நானும் உட்கார்ந்தோம். பட்டியல் விடயத்தைச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. மனைவியிடம் இன்னும் சொல்ல வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

நீங்கள் செய்தது பிழையா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு ஏன் தவறுக்கு வருந்துகிறேன் என்று எழுதினீர்கள்?

“மன்னிப்புக் கேக்காம எப்பிடி மிஸ் ஒரு கடிதம் எழுதுற? மரியாத தெரியாத மனிசன் எண்டு நினைக்க மாட்டாங்களா? அது நல்ல தாள். பஸ் நிலையத்துக்கு முன்னால கொமினிகேஷன்ல வெச்சிருக்காங்க. ஆஸ்பத்திரி ஆக்கள், டிப்போ ஆக்கள் எல்லாரும் அதைத்தான் எடுக்கிற.”

என் நீலக் கோவை அந்தத் தட்டச்சு, நகல் கடை வரை போயிருப்பது எனக்குத் தெரியாது. அந்தத் தாளை எழுதியது நான்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, அந்தக் காற்று நாளுக்குப் பின் முதல் தடவையாகச் சிரித்தார்.

“அப்ப நீங்கதான் எனக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதோணும்.”

“எழுதுறன். புள்ளிக்கோடு இல்லாம எழுதுறன்,” என்றேன்.

காரணத்துக்கு நான் விட்டிருந்த இடம் நான்கு விரல் அகலம். அதற்குள் ஒரு மனிதன் காற்று என்றுதான் எழுத முடியும். இப்போது முழுக் கொப்பியும் இருந்தது. அன்று காலை முதலில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கியதும் நான் எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்கலானேன். நடுவாவியில் வலை கட்ட ஊன்றிய கம்புகள் இருக்கின்றன. நான் பதினேழு வருடமாக அவற்றைக் கடந்து போகிறேன். அந்தக் கம்புகளின் அடியில் நுரை தங்கினால் ஓடலாம், நுரை கம்பில் ஏறினால் ஓடக் கூடாது என்றார். கம்பில் நுரை ஏறிய நாளில் நடுவில் பாதை குறுக்கே திரும்பும். திரும்பினால் படகால் அதைப் பிடிக்க முடியாது. வான் போன்ற பாரம் மேலே இருந்தால் தாழ்ந்த பக்கமே தாழும். துறையில் சபை வைத்த பலகையிலும் ‘காற்று வேளையில் ஓடாது’ என்று எழுதியிருக்கிறது, அதன் மேல் யாரோ கல்வி நிலைய விளம்பரம் ஒட்டிவிட்டார்கள் என்றார். எழுந்து போய்ப் பார்த்தேன். விளம்பரத்தின் ஓரத்தை உரித்ததும் ‘காற்று வே’ வரை தெரிந்தது. மிச்சத்தை அவர் தகரத் துண்டால் சுரண்டினார். கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன்.

பிறகு எழுதினோம். நான் ஒரு வசனம் எழுதி வாசிப்பேன், அவர் திருத்துவார். ‘நுரை அவதானிக்கப்பட்டது’ என்று வாசித்தேன். யார் அவதானித்தது என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். ‘நான் பார்த்தேன்’ என்று மாற்றினேன். கொஞ்ச தூரம் போனதும் அவருக்கே பொறுக்கவில்லை.

“நான், நான் எண்டு எத்தின இடத்தில மிஸ். பெருமை பேசுற மாதிரி இரிக்கு.”

எண்ணினேன். ஒன்பது. நிறுத்தியது நீங்கள்தானே என்றேன். ஓம் என்றார். அப்படியானால் இருக்கட்டும் என்றேன்.

கடைசியில் வருத்தம் பற்றிப் பேச்சு வந்தது. மன்னிப்பை முழுவதும் எடுத்துவிடலாம் என்றேன். எனக்கு அப்போது என் தாளின் மேல் இருந்த கோபத்தில் எதையும் எடுத்திருப்பேன். அவர் விடவில்லை.

“அந்தப் பொண்ணு அழுதது எனக்குக் கவலைதான் மிஸ். என்ட மகளுக்கும் அந்த வயசு வரும். அதை எழுதுங்க. நிப்பாட்டினதுக்குக் கவலை இல்ல. அதை எழுதாதீங்க.”

நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்தேழு வருடமாகக் கடிதங்களைத் திருத்துகிறேன். எதற்கு வருந்துகிறோம் என்று யாரிடமும் கேட்டதில்லை.

கடிதம் ஒரு பக்கமும் கால் பக்கமும் வந்தது. அதில் ஒரு பகுதி இப்படி இருந்தது:

‘அன்று காலை ஏழு மணிக்கு நான் பாதையை எடுக்க ஆயத்தமானேன். நடுவாவியில் உள்ள வலைக் கம்புகளில் நுரை ஏறுவதைப் பார்த்தேன். அப்படியான காற்றில் பாதை குறுக்கே திரும்பும் என்பதை நான் அறிவேன். ஆகவே நான் நிறுத்தினேன். ஒன்பது நாற்பதுக்கு நுரை இறங்கியது. முதல் பயணத்தில் மணப்பெண் இருந்த வானை ஏற்றினேன். அந்தக் குடும்பத்தினர் முதல் முகூர்த்தத்தைத் தவறவிட்டதற்காக நான் வருந்துகிறேன். மீண்டும் இவ்வாறு காற்று அடித்தால் மீண்டும் நிறுத்துவேன்.’

செயலாளர் கடைசி வசனத்தில் விரலை வைத்தார். மேலிடத்துக்கு இப்படியொரு வசனத்தைத் தான் அனுப்பியதில்லை என்றார். இது விளக்கமா, சண்டைக்கு அழைப்பா என்று கேட்டார். நான் முறைப்பாட்டுக் கடிதத்தைக் கோவையில் இருந்து எடுத்து அருகில் வைத்தேன். தாய்மாமன் எழுதியது. எத்தனை மணிக்கு வந்தோம், யார் மறுத்தார், என்ன சொல்லி மறுத்தார், யார் சிரித்தார், எத்தனை மணிக்கு முகூர்த்தம் போனது, எல்லாம் நேராக எழுதியிருந்தார். ஒரு இடத்தில்கூட நிகழ்ந்தது, செய்யப்பட்டது என்று இல்லை. கோபத்தில் இருந்தவர் அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார். எங்கள் ஆள் குனிந்துகொண்டே ‘காற்று’ என்று எழுதினால் எந்த அதிகாரி இவருக்காக நியாயம் சொல்வார் என்று கேட்டேன்.

செயலாளர் தானும் ஒருமுறை இந்த மாதிரித் தாளில் விளக்கம் கொடுத்திருப்பதாகச் சொன்னார். வாகரையில் வேலை செய்த காலத்தில், வாகனம் பழுதாகிக் கூட்டத்துக்குப் பிந்தியதற்காக. அதில் ஒன்றும் நடக்கவில்லை என்றார்.

“ஒண்டும் நடக்காத மட்டும் நல்ல தாள்தான் மிஸ்,” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்திட்டார். கடைசி வசனம் அப்படியே போனது. பலகையின் படத்தையும் இணைத்தோம். எட்டாவது நாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீதை நாட்குறிப்பில் ஒட்டினேன்.

பிறகு காத்திருப்பு. பாதைக்காரர் ஒவ்வொரு காலையும் என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார். நான் ஏறும்போது முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று. அவர் தட்டைத் தூக்குவார். இப்படிப் பத்தொன்பது வேலை நாள். அந்த நாட்களில் அவர் இரண்டு முறை காற்றுக்குப் பாதையை நிறுத்தினார். ஒருமுறை நாற்பது நிமிடம். ஒருமுறை அரை நாள். அரை நாள் நின்றபோது சட்டைப் பையில் இருந்த பொலித்தீனை எடுத்து ஒருவரிடம் காட்டிக்கொண்டிருந்ததைத் தூரத்தில் இருந்து பார்த்தேன். அந்த மனிதர் வாசித்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த நாட்களில்தான் கொமினிகேஷனுக்கும் போனேன். கணினிக்கு முன் இருந்த பிள்ளையிடம் விளக்கக் கடித மாதிரியை அழித்துவிடச் சொன்னேன். அது நல்லா ஓடுற தாள் மிஸ், ஆட்கள் கேட்டால் என்ன கொடுக்கிற என்று அவள் கேட்டாள். வெறும் தாள் கொடுங்கள், முதலில் நடந்ததை முதலில் எழுதச் சொல்லுங்கள் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அழித்தாளா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நீலக் கோவையில் இருந்த மூலப் பிரதியை நான் கிழித்தேன். மற்ற ஐந்தும் இருக்கின்றன. லீவுக் கடிதத்துக்குப் புள்ளிக்கோடு போதும்.

பதில் ஒரு வியாழக்கிழமை காலைத் தபாலில் வந்தது. செயலாளர் உறையைத் திறக்காமல் என்னைக் கூப்பிட்டார். நீங்களே வாசியுங்கள் என்று நீட்டினார். நான்கு வரி.

‘ஊழியரின் மேலதிக விளக்கம் பரிசீலிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. அவரது பெயர் பட்டியலில் தொடர்ந்தும் பேணப்படும். காற்று வேளையில் சேவையை நிறுத்துவது தொடர்பான அறிவித்தற் பலகை புதுப்பிக்கப்படல் வேண்டும்.’

பரிசீலிக்கப்பட்டு. ஏற்றுக்கொள்ளப்பட்டு. பேணப்படும். யார் பரிசீலித்தார், யார் ஏற்றுக்கொண்டார், ஒருவரும் இல்லை. அவ்வளவு அழகான கடிதத்தை நான் அண்மையில் வாசிக்கவில்லை. சிவப்புப் பேனை மேசையில்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. செயலாளர் “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிக் கதிரையில் சாய்ந்தார்.

அன்று காலை பத்து மணிக்கு, வேலை நேரத்தில், காரணம் எதுவும் எழுதாமல் அலுவலகத்தை விட்டுத் துறைக்கு நடந்தேன். பாதை அக்கரையில் இருந்து வந்துகொண்டிருந்தது. அவர் என்னைக் கரையில் கண்டதும் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார். அந்த நேரத்தில் நான் அங்கே நிற்பது வழக்கமில்லை. அவர் கெட்ட செய்தி என்று நினைத்துவிடக் கூடாது என்று கடிதத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். ஐம்பத்தொரு வயதில் சேலைத் தலைப்பும் பறக்க நான் அப்படி நின்றதைச் சந்தையால் வந்த பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

கரையில் அவர் வாசித்தார். ‘பேணப்படும்’ என்றால் என்ன மிஸ் என்று கேட்டார். இருக்கும் என்று அர்த்தம் என்றேன். ஒரு ஓரமாகப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு வந்து ஆட்களை ஏற்றினார்.

பங்குனியில் நியமனக் கடிதம் கிடைத்தது. பலகையும் புதிதாக எழுதப்பட்டது, இந்த முறை விளம்பரம் ஒட்ட முடியாத உயரத்தில். இனி அந்த இரண்டு வசனத் தாளைத் தாருங்கள், கோவையில் போடலாம் என்று ஒரு நாள் கேட்டேன். அவர் சட்டைப் பையைக் கையால் பொத்தினார்.

“அது கிடக்கட்டும் மிஸ். காற்றுக்கு வாசிக்கத் தெரியாது. வான்காரனுக்குத் தெரியும்.”

நேற்று மீண்டும் காற்று. துறைக்குப் போனபோது முன் தட்டு மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. அவர் படகில் இருந்தபடி கையைக் குறுக்காக அசைத்தார். நான் தேநீர்க் கடை வாங்கில் உட்கார்ந்தேன். பள்ளிச் சீருடைகள் கடைத் தாழ்வாரத்தில் பாடப்புத்தகம் விரித்து வைத்திருந்தன. நடுவாவியில், கம்புகளில் நுரை ஏறுவதை இப்போது எனக்கும் பார்க்கத் தெரிகிறது. அலுவலகம் போனதும் தாமத வருகைப் படிவம் என் மேசையில் இருந்தது, என் மாதிரியில், என் புள்ளிக்கோட்டோடு. கோட்டை விட்டுவிட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்: ‘7.00 பாதை நின்றது. நான் கரையில் இருந்தேன். 8.35 புறப்பட்டது. எல்லாரும் வந்து சேர்ந்தோம்.’